கூர்வளைவு எதைத் தாங்குகிறது?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூக்கடை, துணிக்கடை, பலகாரக் கடை என்று நடந்து போகிறவர்களின் கண்ணில் லூர்து மாதா கோயில் படாமல் போகாது. 1928இல் எழுந்த கோயில் அது. அதன் வளைவுகள் மேலே போகப் போக இரு பக்கமும் நெருங்கி வந்து, நுனியில் கூராக முடிகின்றன. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நிற்கும் செபமாலை மாதா கோயிலிலும், கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் செயின்ட் மேரி பேராலயத்திலும் இதே கூர். மேருவிலிருந்து கிள்ளானுக்குப் பேருந்தில் வந்து இறங்கும் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தோன்றும் கேள்விதான் இது: மாதா கோயில் சன்னலுக்கு மட்டும் ஏன் தலையில் கூர் வைக்கிறார்கள்? கும்பிட்ட கையைப் போல வானத்தைக் காட்டுகிறது என்பார்கள் பெரியவர்கள். அழகான பதில்தான். ஆனால் அது பின்னால் சேர்ந்த பதில் என்பது என் வாதம். ஐரோப்பியக் கொத்தனார்கள் கூர்வளைவைப் பெரிதாகக் கையாளத் தொடங்கியது எடையைச் சமாளிக்க. அந்தச் சமாளிப்பின் பலனாகத்தான் இடைக்காலக் கிறிஸ்தவக் கலையின் பெரும்பகுதி சுவரை விட்டுக் கண்ணாடிக்கு இடம் மாறியது. எடையே இல்லாத நம் ஊர்க் கூரைகளின் கீழ் அதே கூர் எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் உறுதிப்படும்.

கல் வளைந்தால் தள்ளும்

அழுத்தினால் கல் மிகப் பெரிய சுமையைத் தாங்கும். இழுத்தாலோ சீக்கிரம் விட்டுவிடும். இரண்டு தூண்களின் மேல் ஒரு கல் உத்திரத்தைக் கிடத்தினால், தன் எடையாலேயே அது நடுவில் தொய்யப் பார்க்கும். அப்போது அதன் மேல்பக்கம் அழுந்தும், அடிப்பக்கம் இழுபடும். விரிசல் தொடங்குவது அந்த அடிப்பக்கத்தில்தான். நம் ஸ்தபதிகளுக்கு இது கைவழக்கமாகத் தெரியும். உத்திரத்தை நீள விடாமல் தூண்களை நெருக்கி நட்டார்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் நிற்பதற்குக் கலை ஆசை ஒரு காரணம், கல் உத்திரத்தின் பலவீனம் இன்னொரு காரணம். தூண்கள் பெருகின, சிற்பங்களும் அந்தத் தூண்களிலேயே குடியேறின. கட்டடத்தின் சுமை எங்கே போகிறது என்பதுதான் கலைக்கு எங்கே இடம் கிடைக்கும் என்பதையும் முடிவு செய்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சிலும் இதே கதை வேறு விதமாக நடந்தது.

நடுவில் தூணே இல்லாத அகன்ற கூடம் வேண்டுமென்றால் கல்லை வளைத்தாக வேண்டும். ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களை வளைவாக அடுக்கினால் ஒவ்வொன்றும் பக்கத்துக் கல்லை அழுத்திக்கொண்டு நிற்கும். கல்லுக்குப் பிடிக்காத இழுப்பு அங்கே அநேகமாக இல்லை. ரோமானியர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. எடை வளைவின் வழியே சரிந்து இறங்கும்போது, அடியில் இருக்கும் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. இதைத் தள்ளுவிசை என்று அழைப்போம். சுவரில் சாத்திய ஏணியைப் பாருங்கள். செங்குத்தாக நிறுத்தினால் அதன் அடி அவ்வளவாக வழுக்காது. படுக்கையாகச் சாய்த்து வைத்தால் ஆள் ஏறியதும் அடி பின்னால் ஓடும். ஏறுகிறவர் எடை மாறவில்லை, சாய்வுதான் மாறியது. தலையோடு தலை முட்டி நிற்கும் இரண்டு ஏணிகள் என்று கூர்வளைவை எண்ணிக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

28 அடி அகலத்தில் ஒரு கணக்கு

செயின்ட் மேரி பேராலயம் 1895இல் அபிஷேகம் செய்யப்பட்டபோது, மக்கள் அமரும் கூடம் 87 அடி நீளமும் 28 அடி அகலமும் கொண்டது. அதன் கூரை மரச்சட்டங்களில் நிற்பது. அந்தக் கூரையை எடுத்துவிட்டு ஓரடித் தடிப்பில் செங்கல் வளைகூரை போட்டால் என்ன நடக்கும் என்று காகிதத்தில் பார்க்கலாம். கூடத்தின் நீளத்தில் 10 அடித் துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். வளைவு அரைவட்டம் என்றால் அதன் உயரம் 14 அடி, வளைவைச் சுற்றி அளந்தால் 44 அடி. ஆக 440 கன அடி செங்கல் கட்டு. உத்தேசமாக 24 டன். பாதி வளைவுக்கு 12 டன். அந்த எடை அகலம் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பாதி வளைவின் எடை சுவரிலிருந்து 7 அடி உள்ளே குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். 12ஐ 7ஆல் பெருக்கி, வளைவின் உயரமான 14ஆல் வகுத்தால் 6 வருகிறது. பத்தடி நீளச் சுவர் ஒவ்வொன்றின் தலையையும் 6 டன் விசை வெளியே தள்ளுகிறது.

இப்போது அகலத்தைத் தொடாமல் உயரத்தை மட்டும் 21 அடியாக்கி நுனியைக் கூராக்குவோம். வளைவு நீண்டுவிடும், சுற்றளவு ஏறக்குறைய 53 அடி. செங்கல் அதிகம் பிடிக்கும், எடை 29 டன்னுக்கு ஏறும். பாதிக்கு 14.5 டன். அதை 7ஆல் பெருக்கி 21ஆல் வகுத்தால் 5 டன்னுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. கூரையின் எடை 5 டன் கூடியிருக்கிறது, தள்ளுவிசையோ 1 டன்னுக்கு மேல் குறைந்திருக்கிறது. உண்மையான கட்டடத்தில் சாந்து, மேல் நிரப்பு, தடிப்பு எல்லாம் சேர்ந்து இந்த எண்களை மாற்றும். விளைவு போகும் திசையை அவை மாற்றுவதில்லை.

இதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. சுவரின் உயரம் 30 அடி, தடிப்பு 2 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையில் 5 டன் தள்ளினால் அதன் கவிழ்க்கும் திறன் 5 பெருக்கல் 30, அதாவது 150. பத்தடிச் சுவரின் சொந்த எடை சுமார் 32 டன். கூரையிலிருந்து இறங்கும் 14.5 டன்னையும் சேர்த்தால் 46 டன்னுக்கு மேல். ஆனால் இந்த எடை சுவரின் நடுக்கோட்டில், வெளி விளிம்பிலிருந்து ஓரடி தூரத்தில்தான் இருக்கிறது. எதிர்த்து நிற்கும் திறன் 50ஐக்கூடத் தொடவில்லை. சுவர் கவிழும். கூர் வைத்ததால் மட்டும் கோயில் நிற்காது என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. சுவரை முழு நீளத்துக்கும் கோட்டைச் சுவராகத் தடிக்க வைப்பது ஒரு வழி. கூர்வளைவால் அறியப்படும் கோதிக் பாணிக்கு முந்திய ஐரோப்பியக் கோயில்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்தன. உள்ளே இருட்டு, சிறிய சன்னல்கள், பரந்த சுவர்களில் வண்ண ஓவியங்கள்.

நாலு மூலைக்கு இறங்கும் சுமை

கோதிக் கொத்தனார்கள் எடுத்த வழி வேறு. வளைகூரையை ஒரே நீளக் குழாயாகப் போடாமல் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் கல் விலாக்களை வளைத்தார்கள். எடையும் தள்ளுவிசையும் அந்தக் கட்டத்தின் நாலு மூலைகளுக்கு வந்து சேரும். இங்கேதான் கூர்வளைவின் இரண்டாவது, என் கணிப்பில் இன்னும் பெரிய, உபகாரம் இருக்கிறது. நம் 28 அடி அகலக் கூடத்தையே 14 அடிக் கட்டங்களாகப் பிரித்துப் பாருங்கள். அரைவட்டத்துக்கு உயரத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கிடையாது. அகலத்தில் பாதிதான் அதன் உயரம். எனவே குறுக்கு வளைவு 14 அடி எழும்பும், பக்கச் சுவர் வளைவு 7 அடியோடு நின்றுவிடும், மூலைவிட்ட வளைவு 15 அடியையும் தாண்டும். மூன்றும் மூன்று மட்டத்தில் நிற்க, கூரை மேடு பள்ளமாகிவிடும். கூர்வளைவில் இந்தத் தொல்லை இல்லை. அகலம் எதுவானாலும் நுனியை ஏற்றி இறக்கி மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

சுமை மூலைகளுக்கு வந்த பிறகு, அங்கே மட்டும் வெளிப்புறம் முட்டுக் கொடுத்தால் போதும். தடித்த தூண் போலச் சுவருக்குச் செங்குத்தாக நீட்டி நிற்கும் இதை முட்டுச்சுவர் என்கிறோம். நடுக்கூடம் மிக உயரமாகி, பக்கக்கூடங்கள் குறுக்கே வந்தபோது, அவற்றின் கூரைக்கு மேலாகப் பாதி வளைவு ஒன்றைத் தாண்டவிட்டு முட்டுச்சுவரோடு இணைத்தார்கள். இதைத் தாவுமுட்டு எனலாம். பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் பின்புறப் படங்களில் எலும்புக்கூடு போலத் தெரிவது அதுதான்.

இவற்றில் எதையும் பிரெஞ்சுக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கெய்ரோவின் இபின் துலூன் பள்ளிவாசலில் 879இலேயே வரிசை வரிசையாகக் கூர்வளைவுகள் வந்துவிட்டன. இங்கிலாந்தின் டர்ஹம் பேராலயம் 1093இல் தொடங்கி விலாக்கூரையைப் போட்டுப் பார்த்துவிட்டது. கூர், விலா, முட்டு ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து, அதன் வழியே ஒளியை உள்ளே வரவழைத்ததுதான் பாரிசுக்கு அருகே சாந்தெனி மடத்தில் சூஷே என்ற மடாதிபதியின் காலத்தில் நடந்தது. அந்தப் புதிய பீடப்பகுதி 1144இல் அபிஷேகம் ஆனது.

சுவர் போனதும் ஓவியம் எங்கே போனது?

மூலைக்கு மூலை முட்டு நிற்கிறது என்றால் நடுவில் இருக்கும் சுவருக்கு வேலை இல்லை. எடுத்துவிடலாம். எடுத்தார்கள். அதுவரை சுவரில் விவிலியக் கதை எழுதிக்கொண்டிருந்த ஓவியனுக்கு இடம் பறிபோயிற்று; கண்ணாடிக் கைவினைஞனுக்கு அதைவிடப் பெரிய இடம் கிடைத்தது. இதைச் சுவை மாற்றம், பக்தி மாற்றம் என்று மட்டும் விளக்கும் கலை வரலாறுகள் எனக்குப் பாதிக் கதையாகவே தெரிகின்றன.

பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தைப் பார்த்தால் இது கண்கூடு. 1194இல் பழைய கோயில் தீயில் எரிந்தது. மரியாளின் ஆடை என்று மக்கள் போற்றிய துணி தப்பியது. ‘நீல மாதா’ என்று புகழ்பெற்ற கண்ணாடி ஓவியமும் தப்பியது. அதன்பின் எழுந்த கட்டடத்தின் வளைகூரை தரையிலிருந்து 37 மீட்டர் உயரம். அதன் பாரத்தைத் தாவுமுட்டுகள் பகிர்ந்துகொண்டதால், சுவரின் பெரும்பகுதியைத் திறந்துவிட்டு ஏறக்குறைய 2,600 சதுர மீட்டர் பரப்புக்கு வண்ணக் கண்ணாடி பொருத்த முடிந்தது. அந்தச் சன்னல்களின் அடிவரிசையில் ரொட்டி சுடுகிறவர், செருப்புத் தைக்கிறவர், இறைச்சி வெட்டுகிறவர் எல்லாரும் தங்கள் வேலையில் இருக்கிறார்கள். பாரிசின் சேன்ட் ஷபேல் சிற்றாலயம் 1248இல் அபிஷேகம் ஆனது. அதன் மேல்தளத்தில் சுவர் என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை. 15 உயர்ந்த சன்னல்களில் 1,113 காட்சிகள்.

கண்ணாடித் துண்டு ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் அதிலும் சுமைக் கணக்கு தெரியும். நீலத்துக்குக் கோபால்ட், சிவப்புக்குச் செம்பு. செம்புச் சிவப்பு மிக அடர்த்தி. முழுத் தடிப்புக்கும் அந்த நிறம் இருந்தால் ஒளியே வராது. ஆகவே நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புப் படலமாக மட்டும் ஏற்றினார்கள். முகம், விரல், துணி மடிப்புகளை இரும்புத் தாதும் கண்ணாடித் தூளும் கலந்த கருமையால் வரைந்து சூளையில் சுட்டார்கள். துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்தார்கள். ஈயம் மிருதுவானது, காற்று அடித்தால் வளைந்துவிடும். அதனால்தான் எவ்வளவு பெரிய சன்னலையும் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து இரும்புக் கம்பிகளில் கட்ட வேண்டியிருந்தது. இடைக்காலச் சன்னல் ஓவியம் கட்டம் கட்டமாகக் கதை சொல்வதற்குக் காற்றின் அழுத்தமும் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையில்லை.

மறுப்பவர்களிடம் இருக்கும் சான்று

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் போல் ஆப்ரஹாமிடமிருந்து 1934இல் வந்தது. முதல் உலகப்போரில் குண்டு விழுந்த கோயில்களில் சில இடங்களில் கல் விலா உதிர்ந்துவிட்டது, மேலே வளைகூரையோ விழாமல் நின்றது. அப்படியானால் விலா எதையும் தாங்கவில்லை, அது வெறும் அலங்காரம்தானே என்றார் அவர். இதை ஒதுக்கித் தள்ள முடியாது. கட்டும்போது விலா சாரத்துக்கு உதவியது, சாந்து இறுகியபின் கூரையின் வளைந்த வடிவமே பெருமளவு சுமையை மூலைகளுக்குக் கொண்டுபோனது என்று இன்று பலரும் ஏற்கிறார்கள். ஆனால் கவனியுங்கள்: விலாவின் பங்கு குறைந்தாலும் மூலையில் வந்து சேரும் தள்ளுவிசை குறையவில்லை. முட்டு அப்போதும் தேவை, கூரின் லாபம் அப்போதும் உண்டு.

கொத்தனார்களுக்கு இயற்பியல் தெரியாது, ஆகவே அவர்கள் நோக்கம் பக்தி மட்டுமே என்பது இன்னொரு மறுப்பு. 1400இல் இத்தாலியின் மிலான் பேராலயத்தில் நடந்த சண்டையின் பதிவு இதற்குப் பதில். முட்டுச்சுவர்கள் போதாது, கட்டடம் விழும் என்று பிரான்சிலிருந்து வந்த தலைமைக் கொத்தனார் ழான் மின்யோ புகார் செய்தார். கூர்வளைவு முட்டுச்சுவரைத் தள்ளவே தள்ளாது என்று உள்ளூர்க் கொத்தனார்கள் வாதாடினார்கள். நம் 5 டன் கணக்கைக் கேட்டால் அவர்கள் சொன்னது தப்பு. ஆனாலும் கூருக்கும் தள்ளலுக்கும் உறவு உண்டு என்ற அறிவு அவர்கள் பேச்சிலேயே இருக்கிறது. மிகைப்படுத்திச் சொன்னார்கள், அவ்வளவுதான். கடைசியில் மிலானில் தூணுக்குத் தூண் இரும்புக் கம்பி கட்டி இழுத்துப் பிடித்தார்கள்.

எடைதான் எஜமான் என்பதற்கு விபத்துகளும் சாட்சி. பிரான்சின் பொவே பேராலயத்தில் 48 மீட்டர் உயரத்துக்கு வளைகூரை போட்டு, 1284இல் அதில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பின்னர் தூண்களுக்கு நடுவில் இன்னும் தூண்களைச் செருகித்தான் நிறுத்தினார்கள். 2019 ஏப்ரல் 15 அன்று நோத்ர தாமின் மரக்கூரை எரிந்து விழுந்தபோது அதற்குக் கீழே இருந்த கல் வளைகூரையின் பெரும்பகுதி நின்றது. உடனே பொறியாளர்கள் செய்த அவசர வேலைகளில் ஒன்று தாவுமுட்டுகளுக்கு மரச் சாரம் கொடுத்தது. உள்ளிருந்து வெளியே தள்ளும் கூரை போய்விட்டால், வெளியிலிருந்து உள்ளே தள்ளும் முட்டே சுவரைக் கவிழ்த்துவிடக்கூடும்.

மூன்றாம் பாகையில் கோதிக்

இனி நம் ஊர். மரச்சட்டமும் ஓடுமாக வேய்ந்த கூரை, நம் 10 அடித் துண்டுக்கு மூன்று நான்கு டன் தேறும். குறுக்கு மரமோ இரும்புக் கம்பியோ இரு கால்களையும் இழுத்துப் பிடித்துவிட்டால் சுவரைத் தள்ள மிச்சம் எதுவும் இராது. தாவுமுட்டுக்கு இங்கே தேவையே எழவில்லை. கோலாலம்பூருக்கு 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்தபின், அத்தாப்புக் கூரையை விட்டுச் செங்கல், ஓட்டுக்கு மாறும்படி பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அந்தச் செங்கல் சூளைகளின் நினைவு. செதுக்கிய கல்லின் இடத்தைச் செங்கல்லும் சுண்ணச்சாந்தும் பிடித்தன. சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை இந்தியக் கைதிகள் 1861இல் கட்டி முடித்தபோது, சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த மெட்ராஸ் சுண்ணாம்பைப் பூசி, படிகக்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். ஆங்கிலேயக் கோதிக்கின் மேல் சென்னைக் கொத்தனாரின் பூச்சு!

வெயிலும் மாறிவிட்டது. ஷார்த்ர் வட அட்சரேகை 48 பாகையில் இருக்கிறது. அங்கே டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 18 பாகைதான் எழும்பும். ஒளி பக்கவாட்டில் நுழைந்து கண்ணாடியை நிரப்பும். கோலாலம்பூர் 3 பாகையில். இங்கே ஆண்டு முழுக்க நண்பகல் சூரியன் 63 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. வெயில் விழுவது கூரையில், சன்னலில் அல்ல. காலையும் மாலையும் விழுகிற வெயிலோடு சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்தால் உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள். இங்கே சன்னலுக்கு முதல் வேலை காற்றை உள்ளே விடுவது; வண்ணக் கண்ணாடிக்கு அதன்பின்தான் இடம். எடை, ஒளி ஆகிய இரண்டு காரணங்களும் கழன்றபின் கூர்வளைவு மட்டும் கப்பலேறி வந்திருக்கிறது. இங்கே அது அடையாளம்தான் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போடமாட்டேன். வேலை முடிந்தபின் வடிவம் அடையாளமாவது கட்டடக்கலையில் புதிதல்ல.

அது கிறிஸ்தவத்தின் அடையாளம் என்று சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. செயின்ட் மேரியை வடிவமைத்தவர் ஏ. சி. நார்மன், அடிக்கல் 1894 பிப்ரவரியில். அதே மெர்டேக்கா சதுக்க மைதானத்தின் கிழக்கே, அதே ஆண்டு அக்டோபரில் அரசு அலுவலகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1897இல் முடிந்த அந்தக் கட்டடம் இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். அதன் வடிவமைப்பிலும் நார்மனின் பெயர் இருக்கிறது. அங்கேயும் வரிசையாகக் கூர்வளைவுகள். பாணி மட்டும் வடஇந்திய முகலாயச் சாயல். மைதானத்தின் நடுவில் நின்று இரண்டையும் பாருங்கள். சிலுவையையும் செம்புக் குவிமாடத்தையும் மறைத்துவிட்டால், கூர்வளைவை வைத்து எது கோயில், எது அலுவலகம் என்று யாராலும் சொல்ல முடியாது.